கிரிஸ்லிக்குப் பாண்டா எப்படித் தம்பி?

சான் பிரான்சிஸ்கோ தெருவில் மூன்று கரடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றபடி வருகின்றன. அடியில் இருக்கும் பனிக்கரடிதான் நடக்கிறது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதன்மேல் பாண்டா, செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காமல். உச்சியில் பழுப்பு நிற கிரிஸ்லி, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் வலியப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு. அலறியடித்து ஓடுபவர் அதிகமில்லை. சிலர் முகம் சுளிக்கிறார்கள். பலர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதைப்போலப் பாராமல் போகிறார்கள்.

கார்ட்டூன் நெட்வொர்க்கின் ‘வீ பேர் பேர்ஸ்’ தொடரை ஒரு முறையாவது பார்த்தவர்களுக்கு இந்த ஊர்வலம் பழக்கமானது. 2015 ஜூலை 27 அன்று தொடங்கி 2019 மே மாதம் வரை நான்கு சீசன்களாக 140 அத்தியாயங்கள் ஓடிய நகைச்சுவைத் தொடர் இது. ஒவ்வொன்றும் சுமார் 11 நிமிடம். கிரிஸ்லி மூத்தவன், பாண்டா நடுவன், ஐஸ் பேர் கடைக்குட்டி. ஊரை ஒட்டிய காட்டில் ஒரு குகையில் குடியிருக்கிறார்கள். குகைக்குள் சோபா, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் உண்டு. ஊரார் இவர்களை எத்தனையோ விதமாக ஒதுக்குகிறார்கள். ஆனால் மூன்று வெவ்வேறு இனத்துக் கரடிகள் எப்படி அண்ணன் தம்பிகளாக முடியும் என்று தொடரில் பெரும்பாலும் யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. அதைப் பெரிய கேள்வியாக எழுப்பி வருகிறவர், 2020ல் வெளியான திரைப்படத்தின் வில்லன். குழந்தைகள் சிரித்துக்கொண்டே பார்க்கும் இந்தத் தொடரைப் பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்க வைக்கிற சூட்சுமம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பொருந்தாத உடன்பிறப்புகள் கார்ட்டூனுக்குப் புதிதல்ல. இதே கார்ட்டூன் நெட்வொர்க்கில் 1997 முதல் 1999 வரை வந்த ‘கவ் அண்ட் சிக்கன்’ தொடரில் தங்கை பசு, அண்ணன் கோழி. டேவிட் ஃபீஸ் தன் மகளுக்குச் சொன்ன தூக்கநேரக் கதையிலிருந்து பிறந்தது அது. பசுவுக்கும் கோழிக்கும், இருவரையும் படுத்தி எடுக்கும் சிவப்பு ஆசாமிக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே: சார்லி ஆட்லர். அந்த வீட்டு அப்பா அம்மாவுக்கு இடுப்புக்கு மேலே உடம்பே கிடையாது! அது தொடங்கிய அடுத்த ஆண்டே நிக்கலோடியன் தொலைக்காட்சி ‘கேட்டாக்’ தொடரைக் கொண்டுவந்தது. பீட்டர் ஹானன் உருவாக்கிய அந்தத் தொடரில் பூனையும் நாயும் ஒரே உடம்பின் இரு முனைகள். இவன் கிழக்கே இழுத்தால் அவன் மேற்கே இழுப்பான்.

இரண்டுமே ரகளையான தொடர்கள். கொஞ்சம் அருவருப்பும் கலந்தவை. தொண்ணூறுகளின் கார்ட்டூன் ருசி அது. அவற்றில் பொருத்தமின்மைதான் நகைச்சுவைக்கு முதல். பசுவும் கோழியும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தார்கள் என்பதே முதல் ஜோக். மற்றதெல்லாம் அதற்குப் பின்பாட்டு. கரடிகள் தொடரோ அந்த ஜோக்கைத் தொடுவதே இல்லை. மூவருக்கும் இடையே உள்ள உறவு தீர்ந்துபோன கணக்கு. சிக்கலெல்லாம் குகைக்கு வெளியே காலை வைக்கும்போதுதான்.

இதை உருவாக்கிய டேனியல் சோங், சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா சென்ற பெற்றோருக்குப் பிறந்தவர். பிக்சார் நிறுவனத்தில் ஸ்டோரிபோர்டு ஓவியராக இருந்தவர். ‘கார்ஸ் 2’, ‘இன்சைட் அவுட்’ படங்களில் அவர் கை உண்டு. ஒரு நாள் நூலகத்தில் தன் காதலியின் அண்ணன் மகளையோ அக்கா மகளையோ சிரிக்க வைப்பதற்காகக் காகிதத்தில் கிறுக்கியதுதான் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் மூன்று கரடிகள். குழந்தை சிரித்தது. கிறுக்கல், 2010 வாக்கில் இணையத்தில் சித்திரக்கதையாக வரத் தொடங்கியது. பிறகு கார்ட்டூன் நெட்வொர்க்குக்கு ஒரு முன்னோட்டப் படம் செய்தார். 2014ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கிளிக் அனிமேஷன் விழாவில் அது சிறுவர் பார்வையாளர்களின் விருதைப் பெற்றது.

அமெரிக்காவில் சிறுபான்மையாக வளர்ந்த அனுபவம் கரடிகளுக்குள் இருக்கிறது என்று சோங் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். எல்லோருக்கும் முன்பே விதிகளைப் படித்து வைத்திருக்கிறவர்கள், வரிசையில் ஒழுங்காக நிற்கிறவர்கள், ஒரு தவறு செய்தால் தம் இனம் முழுவதற்கும் கெட்ட பெயர் என்று பயப்படுகிறவர்கள் யாரென்று குடிபெயர்ந்த குடும்பங்களுக்குத் தெரியும். முதலில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் பூங்காவில் வைத்திருந்த பை களவு போகிறது. திருடனைத் துரத்துவது இருக்கட்டும், ஊர் நடுவே ஓடிவரும் மூன்று கரடிகள் முதலில் தாங்கள் ஆபத்தில்லாதவர்கள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

மூவரின் குணமும் மூன்று திசை. கிரிஸ்லிக்கு வாய் ஓயாது. ஊரே தன் நண்பனாக வேண்டும், தானே எல்லாவற்றுக்கும் தலைவன் என்ற நினைப்பு. குரல் எரிக் எடல்ஸ்டீன். பாண்டா கூச்ச சுபாவி. அலர்ஜி, ஆன்லைன் காதல், ஜப்பானிய அனிமே என்று நம் வீட்டுக் கல்லூரிப் பையனின் எல்லாக் கவலையும் அவனுக்கு உண்டு. அவனுக்குக் குரல், ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் வருடக்கணக்கில் சிரிக்க வைத்த பாபி மொய்னிஹன். ஐஸ் பேர் பேசுவது அளந்துதான். பேசினாலும் ‘நான்’ என்ற சொல்லே வராது. தன்னைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுவான். ஃப்ரிட்ஜுக்குள் தூங்குவான். சமையல், தையல், தற்காப்புக் கலை, கோடரி வீச்சு என்று அவனுக்குத் தெரியாத வேலை இல்லை. டெமெட்ரி மார்ட்டினின் தட்டையான, ஏற்ற இறக்கமில்லாத குரலில் அந்த நான்கைந்து சொற்கள் விழும்போது வருகிற சிரிப்பு, கிரிஸ்லி பத்து நிமிடம் கத்தினாலும் வராது. தொடரின் நட்சத்திரம் அவன்தான் என்பதில் பெரும்பாலான ரசிகர்களுக்குச் சந்தேகமில்லை.

முதல் சீசனில் ‘பரிட்டோ’ என்றொரு அத்தியாயம். மெக்சிகோ சாப்பாட்டுக் கடையில், கைக்குழந்தை அளவுக்கு ஒரு பரிட்டோவைத் தின்று தீர்க்கும் சவால். கிரிஸ்லி மார்தட்டிக்கொண்டு உட்காருகிறான். இரண்டு கையாலும் அதைத் தூக்குகிறான். வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் ஏதோ ஆகிவிடுகிறது. தின்ன மனம் வரவில்லை. மார்போடு அணைத்துக்கொள்கிறான். வீட்டுக்குக் கொண்டுவருகிறான், பக்கத்தில் போட்டுத் தூங்குகிறான், போகிற இடமெல்லாம் சுமந்துகொண்டு போகிறான். தம்பிகளுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் எரிச்சல், கடைசியில் பயம். எப்படியாவது பிடுங்கிவிடப் பார்க்கிறார்கள். பதினோரு நிமிடத்தில் பெரும்பகுதி இந்தக் கூத்துதான்.

பிறகு சில விநாடிகளுக்கு ஒரு பழைய நினைவு. குட்டிக் கிரிஸ்லி மரத்தில் தனியாகச் சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு தீயணைப்பு வீரர் ஏறிவந்து மீட்கிறார். குட்டி அவர் மார்பைக் கட்டிக்கொண்ட அதே பிடியில்தான் பெரிய கரடி பரிட்டோவைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அதை விளக்கி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆறு வயதுக் குழந்தை பெரிய பரிட்டோவுக்குச் சிரித்துவிட்டுப் போய்விடும். கூட உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத்தான் தொண்டை அடைக்கும்.

ஐஸ் பேருக்கும் இப்படியொரு கதை உண்டு. ‘யூரி அண்ட் தி பேர்’ அத்தியாயத்தில், ஆர்க்டிக் பனிவெளியில் தனியாக வாழும் யூரி என்ற ரஷ்யக் கிழவர் குட்டிப் பனிக்கரடியை வேண்டா வெறுப்பாகத் தன் குடிசையில் சேர்த்துக்கொள்கிறார். மீன் பிடிக்கவும் சமைக்கவும் வேலை செய்யவும் பழக்குகிறார். ஆபத்து வந்தபோது குட்டியைத் தப்ப விட்டுத் தான் பின்தங்கிவிடுகிறார். ஐஸ் பேர் எந்நேரமும் வைத்திருக்கும் கோடரி, அதுவரை வெறும் வேடிக்கையாக இருந்தது, அதற்குப் பிறகு அப்படித் தெரிவதில்லை. இரண்டு சீசன்களுக்கு ஒரு ஜோக்கை ஓடவிட்டுப் பிறகு அதற்கு ஒரு காரணம் சொல்லும் பொறுமை குழந்தைகள் தொடர்களில் அபூர்வம்.

அப்பா அம்மா இல்லாத மூன்று குட்டிகள் ஓர் அட்டைப்பெட்டியில் ஊர் ஊராகப் போய், தங்களை யாராவது சேர்த்துக்கொள்வார்களா என்று பார்ப்பது இந்தத் தொடரின் இன்னொரு இழை. அவ்வப்போது வரும் அந்த ‘குட்டிக் கரடி’ அத்தியாயங்களில் ஒவ்வொரு முறையும் வீடு கிடைப்பதுபோல வந்து கைநழுவிப் போகும். மூன்று பேரும் பெட்டிக்குத் திரும்புவார்கள்.

கம்பனின் ராமன் வேடன் குகனைச் சேர்த்து ஐந்து பேர், வானரம் சுக்ரீவனைச் சேர்த்து ஆறு, அரக்கர் குலத்து வீடணனைச் சேர்த்து ஏழு என்று உடன்பிறப்புகளை எண்ணிக்கொண்டே போனதைப் படித்த தமிழ் வாசகருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. ராமனுக்காவது மூன்று தம்பிகள் பிறப்பிலேயே இருந்தார்கள். இங்கே பிறப்பால் வந்தவர் ஒருவரும் இல்லை.

விலங்கியல் பக்கம் போனால் விஷயம் இன்னும் சுவாரசியம். பழுப்புக் கரடியும் பனிக்கரடியும் நெருங்கிய உறவு. 2006ல் கனடாவின் வடக்கே வேட்டையாடப்பட்ட ஒரு கரடி, இந்த இரண்டும் கலந்து பிறந்தது என்று மரபணுச் சோதனை உறுதி செய்தது. கிரிஸ்லி என்பதே வட அமெரிக்கப் பழுப்புக் கரடிதான். பாண்டா விஷயம் வேறு. 1869ல் ஃபிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட் அதை மேற்குலகுக்கு அறிமுகம் செய்த நாளிலிருந்து, அது கரடியா அல்லது ரக்கூன் வகையா என்று நூறாண்டுக்கும் மேலாகச் சண்டை நடந்தது. 1980களின் மூலக்கூறு ஆய்வுகள்தான் கரடிக் குடும்பத்தில் அதைச் சேர்த்துவைத்தன. அப்போதும் மற்றக் கரடிகளிடமிருந்து மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோன கிளை அது. தொடரில் நடுவன் எப்போதும் தான் ஒட்டவில்லையோ என்று குமைவதற்கு அறிவியலும் துணை நிற்கிறது!

ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் அந்த அடுக்கிலும் பாதிதான் இயற்கைக்கு ஒத்தது. கரடிகளில் மிகப் பெரியது பனிக்கரடி, ஆண் கரடி 400 கிலோவைத் தாராளமாகத் தாண்டும். அது அடியில் நிற்பது நியாயம். ஆனால் நூறு கிலோவை ஒட்டிய பாண்டாவின் தோளில் கிரிஸ்லியை ஏற்றியது அநியாயம். அதைவிட, காட்டில் கரடிகள் வளர்ந்தபின் பெரும்பாலும் தனியாகத் திரிபவை. குட்டிகள் தாயோடு இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டுத் தத்தம் வழியில் போய்விடும். வளர்ந்த மூன்று ஆண் கரடிகள் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பது முழுக்க முழுக்க மனிதக் குடும்பத்தின் கற்பனை.

இன்னொரு விஷயம் தொடரில் எங்கும் உரக்கச் சொல்லப்படுவதில்லை, ஆனால் கதை நடக்கும் ஊர் தெரிந்தவருக்கு உறுத்தும். கலிபோர்னியாவில் இப்போது காட்டில் ஒரு கிரிஸ்லிகூடக் கிடையாது. தங்க வேட்டைக்கு ஆட்கள் வந்து குவிந்த 1849 வாக்கில் அங்கே சுமார் 10,000 கிரிஸ்லிகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். முக்கால் நூற்றாண்டில் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்தார்கள். 1924க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் 1889ல் பிடிக்கச் சொன்ன ‘மோனார்க்’ என்ற கிரிஸ்லி, சான் பிரான்சிஸ்கோவில் கூண்டிலேயே வாழ்ந்து 1911ல் இறந்தது. அதே 1911ல் கலிபோர்னியா மாநிலம் கரடிக் கொடியை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 1953ல் கொடியின் வடிவத்தை இறுதி செய்தபோது மோனார்க்கைத்தான் மாதிரியாக வைத்தார்கள். அரசு அலுவலகக் கூரையெல்லாம் கிரிஸ்லி பறக்கிறது. தெருவில் ஒரு கிரிஸ்லி காபி வாங்க வந்தால் இடமில்லை.

தொடரில் வரும் மற்ற விலங்குகளைப் பார்த்தால் எழுதியவர்களின் நோக்கம் இன்னும் தெளிவாகும். சார்லி, ‘பிக்ஃபுட்’ என்று கட்டுக்கதைகளில் வரும் ரோமம் அடர்ந்த காட்டு மனிதன், மனிதக் கண்ணில் படாமல் காட்டுக்குள் ஒளிந்து வாழ்கிறான். பிடிபட்டால் தன் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். நாம்நாம் என்ற கோலா, இணையத்தில் கோடி பேர் கொஞ்சும் நட்சத்திரம். மாளிகை, பணம், திமிர் எல்லாம் உண்டு, நண்பன்தான் இல்லை. ஒருவன் மறைந்து வாழ்கிறான், மற்றவன் பொம்மையாகி வாழ்கிறான். கரடிகளுக்கு இரண்டும் வேண்டாம்; பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் போதும். அது கிடைக்காதபோது நாம்நாமைப்போலப் புகழ் பெற்றாலாவது ஊர் ஏற்றுக்கொள்ளுமோ என்று நாக்கைத் தொங்கப்போட்டு வீடியோ எடுக்கிறார்கள். வைரல் ஆசை பிடித்து ஆட்டும் அந்த அத்தியாயங்கள் செல்போன் காலத்துக் குடும்பங்களை நன்றாகவே கிண்டல் செய்கின்றன.

மனிதர்களில் இவர்களோடு ஒட்டிக்கொள்பவள் குளோயி பார்க் என்ற கொரிய அமெரிக்கச் சிறுமி. படிப்பில் மேதை, சின்ன வயதிலேயே கல்லூரிக்கு வந்துவிட்டவள். வகுப்பில் எல்லோரும் இவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள். கரடிகளைப் பற்றி ஆய்வு செய்யக் குகைக்கு வருகிறவள் அங்கேயே தோழியாகிவிடுகிறாள். அவள் வீட்டில் பெற்றோர் கொரிய மொழி பேசுவதையும் தொடர் இயல்பாகக் காட்டிவிட்டுப் போகிறது; அதைப் பாடமாக நடத்துவதில்லை.

சித்திரத்தின் அழகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னணிகள் நீர்வண்ண ஓவியம்போல மென்மையானவை. மலைச்சரிவுத் தெருக்களும் பனிமூட்டமும் அந்த ஊரை அடையாளம் காட்டும். உருவங்களோ எளிய கோடுகள்; ஒரு குழந்தை க்ரேயானால் வரைந்துவிடலாம். கலிபோர்னியாவில் இருக்கும் ஓவியர்கள் கதைச்சுருக்கத்தை வைத்துக்கொண்டு காட்சியும் வசனமுமாக ஸ்டோரிபோர்டு வரைவார்கள். அசையவைக்கும் வேலை தென் கொரிய ஸ்டூடியோக்களில் நடக்கும். எழுத்தாளர் எழுதிக் கொடுத்ததைப் படமாக்கும் முறை இல்லை என்பதால், பேச்சில்லாத நகைச்சுவைக்கு நிறைய இடம் கிடைத்தது. ஐஸ் பேர் திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வையை யாரும் தாளில் எழுதியிருக்க முடியாது. இந்த ஓவியர் குழுவில் இருந்த மேட்லின் ஷராஃபியன் பின்னாளில் பிக்சாரில் இயக்கிய ‘பரோ’ குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

140 அத்தியாயங்களும் சம தரம் என்று சொல்ல முடியாது. கடைசி இரண்டு சீசன்களில், தின்ன ஒரு புதுப் பண்டம், போக ஒரு புது இடம் என்று கதை சுற்றிச் சுற்றி வரும் அத்தியாயங்கள் உண்டு. கிரிஸ்லியின் அசட்டுத் துணிச்சலும் ஒரு கட்டத்துக்கு மேல் அலுக்கிறது. அந்தச் சலிப்பையெல்லாம் துடைத்தது 2020 ஜூன் 30 அன்று இணையத்தில் வெளியான ‘வீ பேர் பேர்ஸ்: தி மூவி’.

சோங்கே இயக்கிய படம் அது. கரடிகள் செய்த ஒரு குளறுபடியால் ஊரே கொதித்தெழுகிறது. வனவிலங்குக் கட்டுப்பாட்டு அதிகாரி டிரௌட் வருகிறார். குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, அவர் போடும் திட்டம் எளிமையானது: பாண்டாவைச் சீனாவுக்கு அனுப்பு, பனிக்கரடியை ஆர்க்டிக்குக்கு அனுப்பு, கிரிஸ்லியைக் காப்பகத்தில் போடு. வெவ்வேறு இனங்கள் சேர்ந்து வாழ்வது இயற்கைக்கு விரோதம் என்பது அவர் கட்சி. மூவரும் கனடாவை நோக்கித் தப்பி ஓடுகிறார்கள்.

அமெரிக்க எல்லையில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கம்பித் தடுப்புக்குள் வைத்த விவகாரம் உலகச் செய்தியானது 2018ல். படத்தில் கூண்டுக்குள் கரடிகளைப் பார்க்கும் பெரியவர்களுக்கு அது நினைவுக்கு வராமல் இருக்காது. கதை நடக்கும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கும் இந்த வரலாறு அன்னியமல்ல. சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்க 1882ல் சட்டம் வந்தது. 1910 முதல் 1940 வரை, கப்பலில் வந்திறங்கிய சீனர்களையும் மற்ற ஆசியர்களையும் அந்த வளைகுடாவின் ஏஞ்சல் தீவில் அடைத்துவைத்து, இன்னார் மகன் நீதானா என்று குறுக்கு விசாரணை செய்தார்கள். டிரௌட் கேட்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அதற்குப் படம் தரும் பதில் ஒரு பழைய ரயில் தண்டவாளத்தில் இருக்கிறது. மூன்று குட்டிகள் முதன்முதலில் எப்படிச் சேர்ந்தன என்பதை ஐந்து ஆண்டு காத்திருந்த ரசிகர்களுக்குக் காட்டும் இடம்; அதை இங்கே உடைப்பது பாவம்.

தொடர் முடிந்த பிறகும் கரடிகள் ஓயவில்லை. தென்கிழக்கு ஆசியாவிலும் கொரியாவிலும் இவர்களுக்கு இருக்கும் மவுசு தனி. பொம்மை, தண்ணீர்ப் பாட்டில், பென்சில் டப்பா என்று எதிலும் மூன்று முகங்கள். 2022 ஜனவரி 1 அன்று ‘வீ பேபி பேர்ஸ்’ என்ற கிளைத்தொடர் தொடங்கியது. குட்டிகள் மந்திரப் பெட்டியில் ஏறி விதவிதமான உலகங்களுக்குப் போவார்கள். வண்ணமும் வேகமும் அதிகம். மந்திரம் வந்ததும் வீடில்லாத தவிப்பின் கனம் குறைந்துவிட்டது என்பதும் உண்மை. சோங் பிக்சாருக்கே திரும்பிப் போய் ‘ஹாப்பர்ஸ்’ படத்தை இயக்கினார். அதிலும் விலங்குகள்தான், இம்முறை அணை கட்டி வாழும் பீவர்கள். பீவர்களின் ராஜாவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் பழைய பாண்டா, பாபி மொய்னிஹன்.

புதிதாகப் பார்க்கத் தொடங்கும் குடும்பங்கள் வரிசைப்படி போக வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை. குளோயி அறிமுகமாகும் ‘குளோயி’, பிறகு ‘பரிட்டோ’, நாலைந்து குட்டிக் கரடி அத்தியாயங்கள், ‘யூரி அண்ட் தி பேர்’ என்று பார்த்தால் மூவரும் மனதுக்கு நெருங்கிவிடுவார்கள். திரைப்படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பார்க்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. மூன்று பேரையும் தனித்தனி வண்டியில் ஏற்றப் பார்க்கும் கட்டம் வரும்போது, சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று டிவியை நிறுத்தச் சொல்லக்கூடும்.